வேலிப் பொட்டும் நெற்றிப் பொட்டும்

வீட்டை விட்டுப் போன பதினோராம் நாள் விடிய, எங்கள் பூனை செம்பன் வந்தான். நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கத்தால் வந்தான் என்று தெரியாது, கிணற்றுக் கட்டில் ஏறி இருந்து முன்னங்காலை நக்கத் தொடங்கினான். வாளியை வைத்துவிட்டுக் கிட்டப் போனேன். மெலியவில்லை. காதில் புதுக் காயம் இல்லை. நெற்றியில் மட்டும் மூன்று விரலால் இழுத்த திருநீறு, அதன் நடுவில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு.

அம்மா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். "இவன் வேற எங்கையோ ஒரு வீட்டிலயும் பிள்ளையா இருக்கிறான்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஒரு சின்னப் பொறாமையும் வந்தது. பத்து நாளும் நான் ரோர்ச் லைற்றோடு ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிய, யாரோ ஒருவர் இவனை மடியில் வைத்துப் பொட்டு வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், தண்டவாளத்துக்குக் கிட்ட எங்கள் வீடு. வீட்டில் பூனைகள் மூன்று. தாய் புள்ளி. வெள்ளை உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாக இருக்கும். இப்படி மூன்று நிறம் உள்ள பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெட்டைதான். செம்மஞ்சளைத் தீர்மானிக்கும் பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் செம்மஞ்சளும் மற்றதில் கறுப்பும் வந்தால் இரண்டும் தோலைப் பங்குபோட்டுக்கொள்ளும். கடுவனுக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாய் கொடுப்பது. அதனால்தான் புள்ளி ஒரே ஈற்றில் செம்பனையும் கறுவலையும் போட்டாள். உயர்தரத்தில் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதி மறந்த பாடம், இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு பழைய மாம்பழப் பெட்டிக்குள் கண் திறக்காமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருந்தேன் என்று தெரியாது.

ஆனால் அடுத்த நாள் பெட்டி வெறுமையாக இருந்தது. பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்று அம்மம்மா சொல்லுவார். புள்ளி நான்கு இடம் மாற்றியது எனக்குத் தெரியும். மாம்பழப் பெட்டியிலிருந்து விறகு அடுக்குக்கு, அங்கிருந்து பக்கத்து வீட்டு மாமியின் பழைய மாட்டுக் கொட்டிலுக்கு, பிறகு எங்கள் சாமி அறை அலுமாரிக்கு அடியில், பிறகு திரும்பவும் கொட்டிலுக்கு. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு, இடையில் நின்று எண்ணிப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவாள். ஓர் இடத்தில் கன நாள் கிடந்தால் குட்டிகளின் மணம் நாய்க்கும் மரநாய்க்கும் வேற்றுக் கடுவனுக்கும் எட்டிவிடும். அதற்காகத்தான் இந்த ஓட்டம். குட்டி போட்ட பூனை மாதிரி அலையாதே என்று சின்ன வயதில் எத்தனை தரம் ஏச்சு வாங்கியிருப்பேன்! அந்த அலைச்சலுக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்று புள்ளியைப் பார்த்துத்தான் விளங்கியது.

கறுவல் கோழை. ஓட்டோச் சத்தம் கேட்டால் அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் போய்விடுவான். பகல் முழுக்கக் காணக் கிடைக்கமாட்டான், ஆனால் வளவை விட்டும் போகமாட்டான். அவனால் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லை.

செம்பன்தான் போகிறவன். இரண்டு நாள், மூன்று நாள், ஒருமுறை ஆறு நாள். போகும்போது ஓர் அறிகுறியும் காட்டமாட்டான். இரவு என் காலடியில் படுப்பான், விடிய இருக்கமாட்டான். வரும்போதும் அப்படித்தான். நேரே சட்டியடிக்குப் போய், மீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்ப்பான்.

அவன் எந்த வழியால் போகிறான் என்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். எங்கள் ஊரில் பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது மட்டுமில்லை. வேலியில் ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டைக்கும் பொட்டு என்றுதான் பெயர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த ஒழுங்கை முழுக்க வேலிதான். பூவரசும் கிளுவையும் கதியாலாக நிற்கும், இடையில் பனையோலையோ கிடுகோ வைத்துக் கட்டியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வேலியடைப்பு. புது ஓலை கட்டும்போதும் பொட்டை மட்டும் யாரும் அடைக்கமாட்டார்கள். கறிச்சட்டி அந்த வழியால் போகும். அரைக் கொத்து அரிசி வரும். அம்மாவும் மாமியும் படலை திறந்து ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதை நான் கண்டதே இல்லை. எல்லாம் பொட்டு வழிதான்.

இப்போது மதில்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுக் காசில் கட்டிய உயரமான மதில்கள், இரும்புக் கேற்றுகள். பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, கட்டினவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மதிலின் மேல் போத்தல் ஓடு பதித்தவர்களோடு எனக்குக் கோபம் உண்டு. ஓர் ஓடு கறுவலின் உள்ளங்காலைப் பிளந்தது. ஒரு மாதம் நொண்டினான். எங்களுக்கும் மாமிக்கும் இடையில் மட்டும் இன்னும் வேலி நிற்கிறது. பாதி தகரம், பாதி ஓலை. அந்தப் பொட்டின் இரண்டு பக்க ஓலை நுனியிலும் செம்மஞ்சள் மயிர் ஒட்டியிருக்கும். பூனை கன்னத்தை உரசும்போது அங்கேயுள்ள சுரப்பிகள் மணத்தைப் பூசும். தன் வழி என்று எழுதி வைக்கிற மாதிரி. செம்பன் அதை ஒவ்வொரு தரமும் புதுப்பித்துக்கொண்டுதான் போவான்.

சரி, அந்தப் பத்து நாளுக்கு வருகிறேன்.

ஏழாம் நாள் எனக்குப் பயம் பிடித்தது. தண்டவாளம்தான் முதல் பயம். 1990 இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் வந்தது, 2015 ஜனவரியில் எங்கள் கொக்குவிலைத் தாண்டிக் காங்கேசன்துறை வரைக்கும் போனது. அன்று ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் ரயில் ஓடாத ஊரின் நாய்க்கும் பூனைக்கும் அந்தச் சத்தம் என்னவென்று தெரியாது. அடுத்த வருடம் எங்கள் வெள்ளைக் கடுவன் ஒன்றைத் தண்டவாளக் கரையிலிருந்துதான் தூக்கிக்கொண்டு வந்தேன். பூவரசடியில் தாட்டோம். அதனால் செம்பனைத் தேடிப் போனபோது முதலில் தண்டவாளக் கரையைத்தான் பார்த்தேன். சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டு நடந்தேன்.

தேடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொலைந்த 1,210 பூனைகளைப் பற்றி வளர்த்தவர்களிடம் கேட்டிருந்தார்கள். கிடைத்த பூனைகளில் முக்கால்வாசி, புறப்பட்ட இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்தான் இருந்திருக்கின்றன. எங்கள் வீட்டிலிருந்து 500 மீற்றர் என்றால் பத்துப் பன்னிரண்டு ஒழுங்கை, நூற்றுக்கணக்கான வளவுகள், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள், பாம்புப் பற்றை மண்டிய காணிகள். இரவு ஊரடங்கின பிறகு போவேன். ரோர்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து அடித்தால், பூனை இருக்கும் இடத்தில் இரண்டு பச்சைப் புள்ளி திரும்பி மின்னும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது, அதன் வேலை அது. "பூஸ்… பூஸ்…" என்று கூப்பிடுவேன். நின்று கேட்பேன். யப்பானில் 2013 இல் செய்த ஆய்வொன்று, பூனைக்குத் தன்னை வளர்ப்பவரின் குரல் தெரியும் என்கிறது. அந்நியர் குரலுக்கும் எங்கள் குரலுக்கும் வித்தியாசம் கண்டு காதைத் திருப்புமாம், ஆனால் எழும்பி வராதாம். இருட்டில் எங்கேயோ அவன் காது திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போவேன்.

எட்டாம் நாள் கடைக்காரரிடம், "எங்கட செம்மஞ்சள் பூனை காணாமல் போட்டுது, கண்டனீங்களோ?" என்று கேட்டேன். அம்மா பக்கத்தில் நின்றார். வீட்டுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னார். "பூனைக்கு அந்தச் சொல்லைச் சொல்லாதை பிள்ளை."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், காணாமல் ஆக்கப்பட்ட மகனுடைய படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறார். போராட்டம் என்றால் அந்தப் படத்தோடு பஸ் ஏறுவார். கடையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவர் பின்னால் நின்றிருக்கிறார். நான் காணவில்லை.

"அப்ப என்ன சொல்லிறது?" என்று கேட்டேன்.

"போயிட்டுது எண்டு சொல்லு. வாயால போயிட்டு வாறன் எண்டு சொல்லேல்லை, அவ்வளவுதான். வரும்."

அன்றிலிருந்து நான் அப்படித்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் எனக்கும் இடையில் இன்னொரு பூனை இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. போர் நெருங்கி வர, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பிப் போனது. மழை. வெள்ளச்சி என்று ஒரு பூனை எங்களோடு இருந்தாள். அவளை உரப்பையில் போட்டு வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு படலை மட்டும் வந்துவிட்டேன். வெளியே சனம். சைக்கிள், வண்டில், தலையில் மூட்டை, தோளில் பிள்ளை. அப்பா பையை வாங்கி அவிழ்த்தார். "சனத்துக்குள்ள பாய்ஞ்சு ஓடிச்செண்டால் மிதிபட்டுச் செத்துப்போம். விடு பிள்ளை, அது தன்ர பாட்டைப் பாக்கும்." வெள்ளச்சி வீட்டுக்குள் ஓடினாள். அம்மா திரும்பிப் போய், பானையில் இருந்த சோறு முழுவதையும் மீன்குழம்போடு பிசைந்து மண்சட்டியில் கொட்டிவிட்டு, குசினிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தார். செம்மணி வெளியில் நடக்கும்போதும் நாவற்குழிப் பாலத்தில் நசிபட்டபோதும் நான் அந்தச் சட்டியைத்தான் நினைத்தேன். எத்தனை நாளைக்குக் காணும்?

அடுத்த வருடம் மே மாதம் திரும்பி வந்தோம். ஓடு பாதி இல்லை. மண்சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது, உள்ளே காய்ந்த இலைச் சருகு. வெள்ளச்சி இல்லை. நான் பின்வளவில் நின்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் ஒரு குட்டி வந்தது. எலும்பும் தோலும். நெஞ்சில் வெள்ளை. மனிதரைக் கண்டறியாத குட்டி, சீறியது. அம்மா அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளச்சியின்ர பேத்தி" என்றார். பூனைக்குச் சினைக்காலம் 63, 65 நாள், நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பேத்தியோ மகளோ, கணக்குக்கு இடம் இருக்கிறது. நான் அதை நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

இனி நெற்றிப் பொட்டு.

எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் மீன்கார அண்ணைக்கு இந்த வட்டாரத்துப் பூனைகள் எல்லாவற்றையும் தெரியும். அவருடைய ஹோர்ன் சத்தம் எங்களுக்குக் கேட்கும் முன்னமே புள்ளி படலையடியில் நிற்பாள். மனிதக் காதுக்கு எட்டாத மிக உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் காது அது. அன்று செதிளும் குடலும் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணையிடம் திருநீற்றுக் கதையைச் சொன்னேன். கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"தங்கச்சி, உங்கால மூண்டாம் ஒழுங்கையில ஒரு ஆச்சி இருக்கிறா. சுத்த மரக்கறிக்காறி. முந்தி என்ர ஹோர்ன் கேட்டால் யன்னலைச் சாத்திறவ. இப்ப கொஞ்ச மாசமா என்னட்டை ஒவ்வொரு நாளும் நூறு கிராம் சூடை வாங்கிறா. நானும் ஏனெண்டு கேக்கேல்லை."

அன்று பின்னேரமே போனேன். பழைய நாற்சார் வீடு. முற்றத்தில் மூன்று கல் வைத்த அடுப்பு, அதில் ஒரு சின்ன அலுமினியச் சட்டி. ஆச்சி என்னைக் கண்டதும், நான் வாய் திறக்கும் முன்னமே, "நீ தம்பியைத் தேடித்தானே வந்தனீ?" என்றார்.

அங்கே அவனுக்குப் பெயர் தம்பி.

நாற்பது வருடமாக ஆச்சி மச்சம் தொடுவதில்லை. இவன் வந்த முதல் நாள் பாற்சோறு வைத்தாராம். இவன் மணந்துவிட்டுத் தள்ளியிருந்தானாம். "ரெண்டு நாள் பாத்தன். பசியோட என்ர முகத்தைப் பாக்குது. என்ன செய்யிறது மோனை? குசினிக்குள்ள விடமாட்டன், முத்தத்தில தனிச் சட்டி வைச்சு அவிக்கிறன். மூக்கைப் பொத்திக்கொண்டுதான்." பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது, இறைச்சி மீனிலுள்ள டோரின் இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் பழுதாகும் என்று நான் சொன்னேன். ஆச்சி தலையாட்டினார். "பாத்தியே, சாமி அப்பிடிப் படைச்சிருக்கு. அப்ப எனக்குப் பாவம் இல்லை."

பிள்ளைகள் ரொறன்ரோவில். விடியப் பூசை முடித்துத் திருநீறு பூசும்போது அவனுக்கும் பூசுவாராம், ஆடாமல் அசையாமல் இருப்பானாம். வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளுக்கு அவனைக் காட்டுவாராம். அந்தப் பத்து நாளும் ஆச்சிக்குக் காய்ச்சல். "என்ர கட்டிலடியை விட்டு அசையேல்லை" என்றார். எனக்குள் இருந்த பொறாமை அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஒரு விடயத்தில் மட்டும் ஆச்சியோடு வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. கடுவனின் எல்லை பெட்டையின் எல்லையைவிடப் பெரிது. பெட்டையைத் தேடிப் போகும், சண்டை பிடிக்கும், கடிபட்ட இடம் மேலே மூடி உள்ளே சீழ் கட்டும். புள்ளிக்கு நான் ஏற்கெனவே கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்திருந்தேன். செம்பனுக்கும் செய்ய வேண்டும் என்றபோது ஆச்சி முகத்தைத் திருப்பினார். "வாயில்லாச் சீவன். பாவம்." ஒரு மாதம் போனது. பிறகு அவன் தாடை வீங்கி வந்தான். ஆச்சி பரசிற்றமோல் குளிசையைக் கரைத்துக் கொடுக்கலாமா என்று போன் எடுத்துக் கேட்டார். நல்ல காலம், கேட்டார். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது, ஒரு குளிசையே கொன்றுவிடும். ஓட்டோ பிடித்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டோடினோம், ஆச்சியும் நானும். அவர் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார், விசர் ஊசியும் போட்டார். திரும்பி வரும் வழியில் ஆச்சி, "மற்றதையும் செய்விப்பம்" என்றார்.

செய்வித்த பிறகு தூரம் போவது குறைந்தது. ஆனால் ஆச்சி வீட்டுக்குப் போவது குறையவில்லை. காலை அங்கே, மீன்காரர் வரும் நேரம் எங்கள் வீடு, பின்னேரம் யார் வீடு என்று அவன்தான் தீர்மானிப்பான். நானும் ஆச்சியும் போனில் பேசிக்கொள்வோம். "உங்கை நிக்கிறானோ?" "ஓம் ஆச்சி, படுத்திருக்கிறான்." "அப்ப சரி." இவ்வளவுதான் கதை, ஆனால் ஒரு நாளும் தவறுவதில்லை.

போன மாரியில் ஆச்சிக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். நாலு நாள் தங்கை வீட்டில் நின்றார். போகும் முன் சூடைச் சட்டியை என்னிடம் தந்து, எத்தனை கொதி, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிட்டுப் போனார். செம்பன் அன்று பின்னேரமே போய்விட்டான். எங்கள் வீட்டிலும் இல்லை, ஆச்சி வீட்டு முற்றத்திலும் இல்லை. மழை விடாமல் பெய்தது. ஆச்சி ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "போயிட்டான் ஆச்சி. வருவான்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஓம், வருவான்" என்றார்.

ஐந்தாம் நாள் ஆச்சி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். நான் கைபிடித்து விறாந்தையில் இருத்தினேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே ஆச்சியின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செம்பன் வந்துகொண்டிருந்தான். எங்கள் ஒழுங்கைப் பக்கத்தால் இல்லை, தண்டவாளப் பக்கத்தால். முதுகில் கையகலத்துக்குக் கறுப்புக் கிறீஸ்.

"எந்தக் கராச்சுக்குள்ளயடா கிடந்தனீ?" என்று ஆச்சி கேட்டார். கேட்டுக்கொண்டே மடியைக் காட்டினார். அவன் ஏறினான்.

நக்கினால் அந்தக் கிறீஸ் வயிற்றுக்குள் போய்விடும். குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து, இளக இளகத் துணியால் துடைத்தேன். பிறகு கோப்பை கழுவும் சவர்க்காரத்தில் கொஞ்சம் கரைத்து அந்த இடத்தை மட்டும் கழுவினேன். ஆச்சி இரண்டு கையாலும் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் அவன் முகத்தை வெகு கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இவன்ர கண் மஞ்சளே? நான் பச்சை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். பிறகு, "அந்தத் திருநீத்துக் குடுவையை எடு மோனை" என்றார்.